ஹீமோகுளோபின் குறைவு: காரணம் தெரிந்தால்தான் மருத்துவம் பலிக்கும்

இரத்தப் பரிசோதனைத் தாளில் ஹீமோகுளோபின் 9.2 என்று வந்தால், நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. மருந்துக்கடையில் ஒரு சத்து டானிக் வாங்கப்படுகிறது. சந்தையில் பீட்ரூட்டும் மாதுளையும் வாங்கப்படுகின்றன. சில வாரங்களில் உடல் கொஞ்சம் தெம்பாகத் தோன்றியதும் டானிக் நின்றுவிடுகிறது. ஆறு மாதம் கழித்துப் பரிசோதித்தால் எண் ஏறக்குறைய பழைய இடத்திலேயே இருக்கிறது. இதற்கிடையில் கேட்கப்படாமல் போன கேள்வி, ஹீமோகுளோபின் ஏன் குறைந்தது என்பதுதான். காய்ச்சல் எப்படிப் பல நோய்களில் வரும் ஓர் அறிகுறியோ, அப்படித்தான் இரத்தசோகையும். அதன் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் கொடுக்கும் மருந்து சில சமயம் பயன் தராது. சில சமயம் கெடுதலும் செய்யும்.

ஹீமோகுளோபின் என்ன செய்கிறது

இரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள் நிறைந்திருக்கும் புரதமே ஹீமோகுளோபின். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் குளோபின் எனப்படும் நான்கு புரதச் சங்கிலிகள் இருக்கின்றன. ஒவ்வொரு சங்கிலியிலும் ஹீம் என்னும் சிறு அமைப்பு பொருந்தியிருக்கிறது. ஹீமின் நடுவில் ஓர் இரும்பு அணு இருக்கிறது. நுரையீரலில் ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்வது அந்த இரும்பின்மீதுதான். மூளை, தசை, இதயம் என எல்லா உறுப்புகளுக்கும் ஆக்சிஜன் போய்ச் சேர்வது இந்த வழியில் என்பதால், ஹீமோகுளோபின் குறையும்போது உடல் முழுவதும் சோர்ந்துபோகிறது.

சிவப்பணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகி, ஏறக்குறைய 120 நாட்கள் இரத்தத்தில் சுற்றிவந்து, பின்னர் மண்ணீரலிலும் கல்லீரலிலும் சிதைக்கப்படுகின்றன. எத்தனை சிவப்பணுக்கள் வேண்டும் என்ற கட்டளையைச் சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோன் வழியாக மஜ்ஜைக்கு அனுப்புகிறது. இந்த ஏற்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், ஹீமோகுளோபின் பெரும்பாலும் மூன்று வழிகளில்தான் குறையும் என்பது விளங்கும். மஜ்ஜையில் உற்பத்தி குறைய வேண்டும், அல்லது இரத்தம் எங்கேனும் வெளியேற வேண்டும், அல்லது சிவப்பணுக்கள் காலத்துக்கு முன்பே அழிய வேண்டும். பலருக்கு இவற்றில் இரண்டு சேர்ந்தே இருக்கும்.

எந்த அளவு குறைவு

உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் வயதுவந்த ஆணுக்கு 13 கிராமுக்கும், கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிக்கு 11 கிராமுக்கும் கீழே போனால் அது இரத்தசோகை. கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி அதிகரிப்பதால், அப்போது மட்டும் 10.5 வரை இயல்பாகக் கொள்ளப்படுகிறது. கர்ப்பிணிக்கு 7 கிராமுக்குக் கீழேயும், மற்றப் பெண்களுக்கு 8 கிராமுக்குக் கீழேயும் போவது கடுமையான நிலை.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21), 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாகக் கணக்கிடப்பட்டது, தமிழ்நாட்டில் 53.4 விழுக்காடு. அதே வயதுள்ள ஆண்களில் நாட்டளவில் 25 விழுக்காடு. பாதிக்கு மேற்பட்ட பெண்களிடம் இருப்பதாலேயே, "பெண்களுக்கு ரத்தம் கம்மியாகத்தான் இருக்கும்" என்று இதை இயல்பாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது. அது மிகவும் தவறான பழக்கம். ஒரு குறை எத்தனை பேருக்கு இருந்தாலும் அது குறைதான். அதைச் சரிசெய்துகொள்ளும் உரிமை ஒவ்வொரு பெண்ணுக்கும் உண்டு.

ஹீமோகுளோபின் மெல்ல மெல்லக் குறையும்போது உடல் அதற்குத் தன்னைப் பழக்கிக்கொள்வதும் இந்த அலட்சியத்துக்கு ஒரு காரணம். 7 கிராம் அளவில் இருந்துகொண்டே வீட்டு வேலையும் வயல் வேலையும் பார்ப்பவர்கள் உண்டு. மாடிப்படி ஏறினால் மூச்சிரைப்பது, நெஞ்சு படபடப்பது, தலை கனப்பது, முடி கொட்டுவது, எதிலும் கவனம் நிலைக்காதது ஆகியவற்றை அவர்கள் வயதின்மீதோ வேலைப்பளுவின்மீதோ போட்டுவிடுகிறார்கள். மருத்துவர் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பதும் நாக்கையும் உள்ளங்கையையும் பார்ப்பதும் வெளிறலைக் கண்டறியத்தான் என்றாலும், லேசான குறைவைக் கண்ணால் மட்டும் பிடித்துவிட முடியாது. பல்பம், பச்சரிசி, சாம்பல், செங்கல் துண்டு, பனிக்கட்டி போன்றவற்றைத் தின்னவேண்டும் என்ற அடங்காத ஆசையும் இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறியாகலாம். அப்படித் தின்னும் குழந்தையை அடிப்பதைவிட அதன் இரத்தத்தைப் பரிசோதிப்பதே சரியான செயல். மயக்கமாக வருகிறது என்றதும் 'லோ பிபி' என்று சொல்லிவிடுகிறோம். இரத்த அழுத்தம் வேறு, ஹீமோகுளோபின் வேறு, ஒன்று குறைந்தால் மற்றதும் குறைந்திருக்க வேண்டும் என்பதில்லை.

இரும்புச்சத்தின் வரவு செலவு

உலகெங்கும் இரத்தசோகைக்கு மிகப் பெரிய தனிக் காரணம் இரும்புச்சத்துக் குறைவு. ஒரு பெரியவரின் உடலில் இருக்கும் மொத்த இரும்பே 3 முதல் 4 கிராம்தான். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினில் இருக்கிறது. புதிய சிவப்பணுக்களைச் செய்ய மஜ்ஜைக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு தேவைப்படுகிறது. ஆனால் உணவிலிருந்து குடல் உறிஞ்சுவது நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் மட்டுமே. மீதியெல்லாம் சிதைந்த பழைய சிவப்பணுக்களிலிருந்து மீட்டெடுத்து மறுபடி பயன்படுத்தப்படும் இரும்பு. ஆகவே, உடலுக்கு வெளியே இரத்தம் போகாதவரை இந்தக் கணக்கு இடிப்பதில்லை; இரத்தம் வெளியேறத் தொடங்கினால்தான் சிக்கல்.

ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தோடு ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு வெளியேறுகிறது. மாதவிடாயில் 80 மில்லிலிட்டருக்கு மேல் இரத்தம் போவது அதிக உதிரப்போக்கு என்று கொள்ளப்படுகிறது. அந்த அளவு இழப்பில் மாதத்துக்கு 40 மில்லிகிராம், அதாவது நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லிகிராம் இரும்பு போய்விடுகிறது. எல்லாருக்கும் இயல்பாக ஏற்படும் ஒரு மில்லிகிராம் இழப்பு இதற்கு மேல். குடல் வழக்கமாக உறிஞ்சுவதைவிட இது அதிகம் என்பதால், எவ்வளவு நன்றாகச் சாப்பிட்டாலும் இத்தகைய பெண்ணுக்குச் சாப்பாடு மட்டும் போதாது. உதிரப்போக்கை யாரும் அளந்து பார்ப்பதில்லை. ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருப்பது, இரவில் அதற்காகவே எழ வேண்டியிருப்பது, பெரிய கட்டிகளாகப் போவது, ஏழு நாட்களுக்கு மேல் நீடிப்பது ஆகியவை அதிகப் போக்கின் அடையாளங்கள். கருப்பையில் நார்க்கட்டி, ஹார்மோன் கோளாறு, தைராய்டு குறைவு, இரத்தம் உறையும் தன்மையில் குறை எனப் பின்னணியில் பல இருக்கலாம். அவற்றைச் சரிசெய்யாமல் இரும்பு மாத்திரை மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பது முடிவில்லாத வேலை.

கர்ப்பகாலத்தில் தாயின் கூடுதல் இரத்தம், நஞ்சுக்கொடி, குழந்தை, பிரசவ இழப்பு எல்லாம் சேர்த்து மொத்தம் 1000 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு தேவைப்படுகிறது. பிள்ளைப்பேறுகளுக்கு இடையில் போதிய இடைவெளி இல்லாவிட்டால் இந்தக் கடன் தீர்வதற்குள் அடுத்த கடன் வந்துவிடும். ஏற்கெனவே ஹீமோகுளோபின் குறைந்த தாய்க்குப் பிரசவத்தில் ஏற்படும் சிறிய உதிரப்போக்கும் உயிருக்கு ஆபத்தாகக்கூடும் என்பதால்தான், 2018 முதல் நடைபெறும் இரத்தசோகை இல்லா இந்தியா திட்டத்தில், 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரை கர்ப்பிணிகளுக்கு நான்காம் மாதத்திலிருந்து 180 நாட்களுக்கும், பிரசவத்துக்குப் பின் மேலும் 180 நாட்களுக்கும் தினமும் தரப்படுகிறது. பிரசவத்துக்குப் பிந்தைய அந்த ஆறு மாதங்களைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்குப் பின் தாய்ப்பாலோடு இரும்புச்சத்துள்ள இணை உணவு தொடங்க வேண்டும். ஒரு வயதுக்கு முன் பசும்பாலை முக்கிய உணவாக்கினால் இரும்பு குறையும். அதில் இரும்பு மிகக் குறைவு என்பதோடு, சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவையும் அது உண்டாக்கும். வெறுங்காலுடன் ஈரமண்ணில் நடக்கும்போது தோல் வழியாக நுழையும் கொக்கிப்புழு குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சும். பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை தரப்படுவது அதற்காகவும்தான்.

ஓர் ஆணுக்கோ, மாதவிடாய் நின்றுபோன பெண்ணுக்கோ இரும்புச்சத்துக் குறைவு இருந்தால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை உணவுப்பாதையில் எங்கோ இரத்தம் கசிகிறது என்றே கருத வேண்டும். இரைப்பைப் புண், மூலம், மூட்டுவலிக்காகத் தொடர்ந்து விழுங்கும் வலி மாத்திரைகள், ஆஸ்பிரின் ஆகியவை காரணமாகலாம். குடல் புற்றுநோயின் முதல் தடயமும் சில வேளை இதுவாகவே இருக்கும். அறுபது வயது அப்பாவுக்கு ஹீமோகுளோபின் 8 என்று வந்தால், டானிக் கொடுத்து அனுப்பாமல் எண்டோஸ்கோப்பி, கொலோனோஸ்கோப்பி (குழாய்க் கேமரா விட்டு இரைப்பையையும் பெருங்குடலையும் பார்க்கும் சோதனைகள்) தேவையா என்று மருத்துவரிடம் கேட்பது அவர் உயிரைக் காக்கக்கூடிய கேள்வி.

இரும்பு அல்லாத காரணங்கள்

வைட்டமின் பி12, ஃபோலேட் (மாத்திரையில் ஃபோலிக் அமிலமாக வரும் வைட்டமின்) ஆகியவை குறைந்தாலும் மஜ்ஜையால் சிவப்பணுக்களைச் சரியாகச் செய்ய முடியாது. பி12 பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி போன்ற விலங்குவழி உணவுகளில் மட்டுமே இயற்கையாகக் கிடைக்கிறது. பாலும் குறைவாகச் சேர்க்கும் சைவ உணவினர், சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் பல ஆண்டுகளாக எடுப்பவர்கள், வயிற்றில் உறிஞ்சும் திறன் குறைந்த முதியோர் ஆகியோருக்கு இது குறையும் வாய்ப்பு அதிகம். பாதம் மரத்துப்போவது, எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, மறதி ஆகியவை இதில் சேர்ந்து வரலாம். பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் இரத்த எண் மேம்பட்டுவிடும், நரம்புச் சேதமோ தொடரும். காரணம் தெரியாத சத்து மாத்திரையின் ஆபத்துக்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

தலசீமியா என்பது குளோபின் சங்கிலிகள் போதிய அளவு உருவாகாத மரபுவழிக் குறை. அதன் மரபணுவைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்களுக்கு ஹீமோகுளோபின் 10 அல்லது 11 அளவில் வாழ்நாள் முழுவதும் நிற்கலாம். அவர்கள் பொதுவாக நலமாகவே இருப்பார்கள். இரும்புக் குறைவென்று தவறாக எண்ணி ஆண்டுக்கணக்கில் இரும்பு கொடுத்தால் பயன் ஏதும் இல்லை, இரும்பு உடலில் தேங்கும் அபாயமே உண்டு. ஆனால் கணவன் மனைவி இருவருமே பீட்டா தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்களாயின், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு குழந்தைக்குக் கடுமையான தலசீமியா வருவதற்கு இருக்கிறது. திருமணத்துக்கு முன் அல்லது கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே இதைத் தெரிந்துகொள்வது பெரிய உதவி. அரிவாள் வடிவச் சிவப்பணு நோயும் மரபுவழி வருவதே. இந்தியாவில் அது முதலில் பதிவானது 1952இல் நீலகிரியின் பழங்குடி மக்களிடையேதான். 2047க்குள் அதை ஒழிக்கும் தேசிய இயக்கம் 2023இல் தொடங்கப்பட்டிருக்கிறது.

இவற்றைத் தவிர, சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு எரித்ரோபாய்ட்டின் குறைவாலும், காசநோய், முடக்குவாதம் போன்ற நீடித்த நோயுள்ளவர்களுக்கு இரும்பு உடலில் இருந்தும் பயன்படாமல் பூட்டிவைக்கப்படுவதாலும் ஹீமோகுளோபின் குறையும். மஜ்ஜையின் நோய்களும் இரத்தப் புற்றுநோயும் அரிதான காரணங்கள்.

பரிசோதனைத் தாளைப் படிப்பது

முழு இரத்த எண்ணிக்கை என்ற எளிய சோதனையிலேயே நிறையத் தகவல் இருக்கிறது. எம்.சி.வி. என்று அச்சாகியிருப்பது சிவப்பணுவின் சராசரி அளவு. 80 முதல் 100 வரை இயல்பு. 80க்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைவையோ தலசீமியாவையோ நினைக்க வேண்டும். 100க்கு மேல் இருந்தால் பி12, ஃபோலேட் குறைவு, மது, கல்லீரல் நோய், தைராய்டு குறைவு ஆகியவற்றை நினைக்க வேண்டும். எம்.சி.வி. மிகவும் குறைந்தும் சிவப்பணுக்களின் எண்ணிக்கை குறையாமலோ கூடுதலாகவோ இருந்தால் சந்தேகம் தலசீமியாவின் பக்கம் சாயும். பீட்டா தலசீமியாவை ஹெச்பி-ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகையின் அளவு உறுதிசெய்யும்.

உடலின் இரும்பு இருப்பைக் காட்டுவது ஃபெர்ரிட்டின் என்ற புரதத்தின் அளவு. வீட்டுக் குதிரில் நெல் தீர்ந்த பிறகுதான் அடுப்படியில் அரிசிக்குத் தட்டுப்பாடு வரும். அதுபோல ஃபெர்ரிட்டின் வற்றிய பிறகே ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கும். எனவே ஹீமோகுளோபின் 12.3 என்று இயல்பாக இருக்கும் பெண்ணுக்கும் இரும்பு தீர்ந்துபோய், சோர்வும் முடி உதிர்வும் இருக்கலாம். வயதுவந்தவர்களுக்கு ஃபெர்ரிட்டின் 15க்குக் கீழே போவது இரும்பு தீர்ந்ததன் தெளிவான அடையாளம். 30க்குக் கீழே இருந்தாலே பல மருத்துவர்கள் மருத்துவம் தொடங்குகிறார்கள். காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது ஃபெர்ரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால், அப்போது அதை மட்டும் நம்பக் கூடாது. சர்க்கரை நோயாளிகள் கவனிக்க வேண்டிய இன்னொன்று: இரும்புக் குறைவு இருக்கும்போது ஹெச்பி-ஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) அளவு உண்மையைவிடச் சற்று உயர்வாக வரக்கூடும்.

உணவு எவ்வளவு உதவும்

சிவப்பாக இருப்பது இரத்தத்தை ஊறவைக்கும் என்ற நம்பிக்கையில் ஏழைக் குடும்பங்கள் மாதுளைக்குச் செலவழிப்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. பீட்ரூட்டிலும் மாதுளையிலும் 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. நல்ல உணவுகள்தான் அவை, ஆனால் இரத்தசோகைக்கான உணவுகள் அல்ல. கம்பு, கேழ்வரகு, முருங்கைக்கீரை, கொள்ளு, காராமணி, எள் ஆகியவற்றில் பல மடங்கு இரும்பு இருக்கிறது, விலையும் குறைவு.

தாவர உணவின் இரும்பில் சிறு பங்கையே குடல் உறிஞ்சுகிறது. அதே சாப்பாட்டில் நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா, தக்காளி போன்ற வைட்டமின் சி உள்ள ஒன்று சேர்ந்தால் உறிஞ்சல் நன்றாகக் கூடும். முளைகட்டுவதும் புளிக்கவைப்பதும் இரும்பைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட்டைக் குறைக்கும் என்பதால், புளித்த கம்பங்கூழ் அறிவியல் நோக்கிலும் சிறந்த உணவு. இரும்புக் கடாயில் புளிக்குழம்பு வைத்தால் உணவில் இரும்பு கொஞ்சம் கூடும். மாறாக, சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீர், அந்தச் சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் இரும்பைப் பாதி அளவுக்கும் கீழே குறைத்துவிடும், காபியும் குறைக்கும். குறைந்தது ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை. அசைவம் உண்பவர்களுக்கு ஆட்டு ஈரலும், சுவரொட்டி என்று கேட்டு வாங்கும் மண்ணீரலும், இரத்தப் பொரியலும் மிகச் செறிவான இரும்பு உணவுகள்; அவற்றின் இரும்பு எளிதில் உறிஞ்சப்படுவது. கர்ப்பிணிகள் மட்டும் ஈரலை அடிக்கடி உண்ணக் கூடாது, அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

ஆயினும், ஹீமோகுளோபின் ஏற்கெனவே குறைந்துவிட்டவருக்கு உணவு துணை மருந்துதான். வற்றிய இருப்பை நிரப்ப மாத்திரை தேவை.

மருத்துவம்

இரும்பு மாத்திரையில் பார்க்க வேண்டியது விலையையோ விளம்பரத்தையோ அல்ல, அதில் உள்ள உண்மையான இரும்பின் அளவை. 200 மில்லிகிராம் ஃபெர்ரஸ் சல்பேட் மாத்திரையில் ஏறக்குறைய 65 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் மாத்திரை, அழகான புட்டியில் வரும் பல டானிக்குகளைவிட வலுவானது. வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாற்றோடு எடுத்தால் நன்றாக உறிஞ்சப்படும். பால், தேநீர், கால்சியம் மாத்திரை, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்துகள் ஆகியவை உறிஞ்சலைக் கெடுக்கும். கர்ப்பிணிகளுக்குக் கால்சியமும் இரும்பும் ஒன்றாகவே தரப்படுவதால், இரண்டையும் ஒரே வேளையில் விழுங்காமல் ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலும் எடுப்பது நல்லது.

மலம் கருப்பாகப் போவது இயல்பு. குமட்டல், மலச்சிக்கல், வயிற்று எரிச்சல் வந்தால் மாத்திரையை நிறுத்திவிடாமல், உணவுக்குப் பின் எடுப்பது, அளவைக் குறைப்பது, வேறு வகைக்கு மாறுவது ஆகியவற்றை மருத்துவரிடம் பேசலாம். ஒரு மாத்திரை எடுத்ததும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து, ஏறக்குறைய ஒரு நாள் வரை குடலின் உறிஞ்சலைக் குறைத்துவைப்பதால், ஒன்றுவிட்டு ஒருநாள் எடுக்கும் முறையும் இப்போது பலருக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. வயிற்றுத் தொல்லையும் அதில் குறைவு. குழந்தைகள் மிட்டாய் என்று நினைத்து இரும்பு மாத்திரைகளை விழுங்கினால் உயிரே போகலாம் என்பதால், அவற்றைப் பூட்டிவைக்க வேண்டும்.

மாத்திரை சரியாக வேலை செய்தால் மூன்று நான்கு வாரங்களில் ஹீமோகுளோபின் 1 முதல் 2 கிராம் உயரும். உயரவில்லை என்றால், மாத்திரை ஒழுங்காக எடுக்கப்படுகிறதா, இரத்தம் இன்னும் போய்க்கொண்டிருக்கிறதா, குடல் உறிஞ்சவில்லையா, நோயறிதலே தவறா என்று திரும்பப் பார்க்க வேண்டும். எண் இயல்புக்கு வந்த பிறகும் ஏறக்குறைய மூன்று மாதங்கள் மாத்திரையைத் தொடர்ந்தால்தான் இருப்பு நிரம்பும். பெரும்பாலான மருத்துவம் தோற்றுப்போவது இந்தக் கட்டத்தில்தான்.

மாத்திரை ஒத்துவராதவர்களுக்கும், குடல் நோய் உள்ளவர்களுக்கும், பிரசவத்துக்கு அதிக நாள் இல்லாத கர்ப்பிணிகளுக்கும் இரத்தநாளம் வழியாக இரும்பு ஏற்றலாம். தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கர்ப்பிணிகளுக்கு அயர்ன் சுக்ரோஸ் இவ்வாறு ஏற்றப்படுகிறது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் மட்டும் இது தவிர்க்கப்படும். பி12 குறைவுக்கு ஊசியோ அதிக அளவு மாத்திரையோ, சிறுநீரக நோய்க்கு எரித்ரோபாய்ட்டின் ஊசியோ தேவைப்படும். இரத்தம் ஏற்றுவது, நிலையாக இருக்கும் நோயாளிக்குப் பொதுவாக 7 கிராமுக்குக் கீழே போனால் மட்டும் எண்ணிப் பார்க்கப்படுகிறது. ஒரு யூனிட் ஏறக்குறைய ஒரு கிராம் உயர்த்தும். காரணத்தை அது தொடுவதில்லை.

ஓய்வாக இருக்கும்போதே மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மயங்கி விழுதல், இரும்பு மாத்திரை எடுக்காதபோதும் தார் போன்ற கருமலம், இரத்த வாந்தி, கட்டுக்கடங்காத உதிரப்போக்கு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பரிசோதனை முடிவுக்காகக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கர்ப்பிணியாக இருந்து ஹீமோகுளோபின் 7க்குக் கீழே வந்திருந்தால், எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும், இரத்தம் ஏற்றும் வசதியுள்ள மருத்துவமனையில் உடனே காட்ட வேண்டும். பிரசவமும் அத்தகைய மருத்துவமனையிலேயே நடக்கும்படி குடும்பத்தார் முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட வேண்டும்.